மாமியின் கால்கள்

எங்கள் பக்கத்தில் யாரும் கடவுளிடம் நூறு வயது கேட்பதில்லை. “கிடையில போடாமக் கொண்டு போ தாயே” என்றுதான் கேட்பார்கள். கிடை என்றால் படுத்த படுக்கை. ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவராக வேலை பார்த்த காலம் முழுக்க, கை கால் விழுந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டே இந்த வேண்டுதலைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். கண்ணகை அம்மனுக்கு வேறு வேலை இல்லையா? மழை பெய்விக்க வேண்டும், அம்மை நோயை விரட்ட வேண்டும். கிழவர்களின் தொடைத் தசையையும் அவளா பார்த்துக்கொள்ள வேண்டும்? அது நம்முடைய வேலை.

எனக்குக் கொஞ்சம் வாய்க்கொழுப்பு உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் நான் சொன்னது சரிதான். வயது போகப் போகத் தசை குறையும், எலும்பு மெலியும், கால் தடுமாறும். இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வயது எடுத்துப் போய்விட்டதாக நாம் அழுகிற பலத்தில் பெரும் பங்கை எடுத்துப் போவது கட்டிலும் கதிரையும்தான். ஒரு முதியவரைச் சில நாட்கள் சும்மா கிடத்தினாலே தொடை வற்றத் தொடங்கிவிடும். அதே தொடைக்கு மறுபடி வேலை கொடுத்தால், எண்பது வயதிலும் பலம் திரும்பி வரும். மெதுவாக வரும், அவ்வளவுதான். நெடுநாள் வாழ என்ன சாப்பிடலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் தொங்கிப்போகும். ஒரு டொனிக் போத்தலாவது எழுதித் தருவேன் என்று நம்பி வந்திருப்பார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்கே ஒரு நோயாளி வந்து சேர்ந்தார். அவரை நான் தொடக் கூடாது. அவரோடு நேராகப் பேசக் கூடாது. அவர் படுத்திருக்கும் அறைக்குள் கால் வைக்கவும் கூடாது. அவர் என் மனைவியின் அம்மா.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அந்த வீட்டில் சேருவான். அப்படி வந்து சேர்ந்தவனுக்கும் மாமிக்கும் நடுவில் ஒரு கண்ணுக்குத் தெரியாத வேலி இருக்கும். மாமி மருமகனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கமாட்டார். அவன் வந்தால் எழும்பிவிடுவார், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார். கலியாணம் முடித்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. தேற்றாத்தீவில் மகளுக்குச் சீதன வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மாமி கடலை ஒட்டிய நீண்ட வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கரடியனாற்றில் தன்னுடைய சொந்த வீட்டு வளவிலேயே இருந்துகொண்டார். மாமா காலமான பிறகும் அங்கேயே தனியாக இருந்தார். வயல் வட்டையில் நெல், வளவில் கச்சான் என்கிற நிலக்கடலை, பட்டியில் நாலு எருமை. ஆகவே எங்களுக்குள் வேலி பெரிய தொந்தரவாக இருக்கவில்லை.

சுனாமிக்கு முதல் நாள் மாமி இரண்டு மண்முட்டித் தயிரோடும் புது அரிசியோடும் எங்களைப் பார்க்க வந்திருந்தார். மறுநாள் காலையில், தெருவுக்கு அந்தப் பக்கம் கடற்கரையோரம் இருந்த தன் அக்காவின் வீட்டுக்குப் போனார். எங்கள் வீடு வாவிப் பக்கம். தண்ணீர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அக்காவின் வீட்டில் அடித்தளத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. என் மனைவி பெரியம்மா என்று அழைக்கும் அந்த அக்கா ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு தப்பினார். பெரியப்பா தப்பவில்லை.

மாமியைத் தாழம் புதருக்குள் கண்டெடுத்தோம். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, மற்றக் காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. இடுப்பு மூட்டுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது என்று படம் எடுக்காமலே எனக்கு விளங்கிவிட்டது. நான் அவரைத் தூக்கினேன். அப்போதுதான் மாமியை முதன்முதலாகத் தொட்டேன். வலியில் துடித்துக்கொண்டே, சேறும் முள்ளும் ஒட்டிய முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அந்தக் கோலத்திலும் மரியாதையை விடவில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அறுவைச் சிகிச்சை நடந்தது. தகடும் திருகும் வைத்துப் பொருத்தினார்கள். நல்ல வேலை, எலும்பு நன்றாக ஒட்டியது. வீட்டுக்குக் கொண்டுவந்து நடு அறையில் கட்டிலில் படுக்க வைத்தோம். அங்கேதான் தொல்லை தொடங்கியது.

என் மனைவி அம்மாவைத் தாங்கு தாங்கு என்று தாங்கினாள். சோறு ஊட்டினாள், கட்டிலிலேயே உடம்பு துடைத்தாள், தலை வாரிவிட்டாள். நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் நடுவில் ஓட்டை போட்ட ஒரு கதிரையும் தந்துவிட்டுப் போனார்கள். அதனால் கழிப்பறைக்கு நடக்கிற வேலையும் இல்லாமல் போயிற்று. மாமி ஒரு கோப்பையைக் கழுவக் கையை நீட்டினாலும் மகள் பறித்துக்கொள்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பெரியப்பாவைப் புதைத்த கையோடு வந்து அம்மாவைப் பார்க்கிறாள். கிடைத்த அம்மாவை அசையாமல் வைத்திருந்தால் மறுபடி எதுவும் எடுத்துக்கொண்டு போகாது என்று அவளுக்குள் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. ஊரும் அதற்கு ஒத்து ஊதியது. கால் உடைந்த தாயை வேலை செய்ய விடுகிறாள் என்று ஒரு சொல் வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு மகளால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் நான் காலையில் இருந்து மாலை வரை அந்நியக் கிழவர்களைக் கக்கத்தில் பிடித்து எழுப்பி நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் கதவுச் சீலைக்கு வெளியே நிற்க வேண்டும். சீலை காற்றில் விலகும்போது மாமியின் கணைக்கால் தெரியும். மாதத்துக்கு மாதம் அது மெலிந்துகொண்டு வந்தது. இடுப்பு முறிந்த முதியவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எலும்பு ஒட்டிவிடும், ஆள் எழும்பமாட்டார். பிறகு நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். சொந்த வீட்டை விட்டு வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த வீட்டைத் திரும்பப் பார்ப்பதே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மாமியோ ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டார். “நான் எப்ப புள்ள கரடியனாத்துக்குப் போற?”

“கால் சுகமாகட்டும் அம்மா” என்பாள் மனைவி.

கால் சுகமாவதற்கு உரிய பயிற்சியை நான் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். கட்டில் ஓரத்தில் இருந்து முழங்காலை நீட்டுவது, கதிரையில் இருந்து எழும்பி நிற்பது, மறுபடி மெதுவாக இருப்பது. இரண்டு நாள் செய்தார்கள். மூன்றாம் நாள் மாமி “நோகுது புள்ள” என்றார். மகள் அழுதாள். மகள் அழுவதைப் பார்த்துத் தாயும் அழுதார். பயிற்சி முடிந்தது.

“உங்களுக்கு இரக்கமில்லையா? அவ பட்டது காணாதா?” என்று மனைவி என்னைக் கேட்டாள்.

“இரக்கம் இருக்கிறதாலதான் சொல்றன்” என்றேன்.

“அப்ப நீங்களே வந்து செய்விங்க” என்றாள். நான் வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

சுனாமி வந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்தில் ஒரு மத்தியானம், அலுமாரிச் சாவி ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போய், அதை எடுக்கத் திரும்பி வந்தேன். அந்த நேரத்தில் நான் வருவதில்லை என்பதால் மாமியை வெளியே, காற்றோட்டமான விறாந்தையில், பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டு மனைவி கிணற்றடிக்குப் போயிருந்தாள். படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றேன். மாமி என்னைக் கண்டுவிட்டார். இரண்டு கையையும் கதிரைக் கையில் ஊன்றினார். பல்லைக் கடித்தார். உடம்பை முன்னுக்குச் சாய்த்து, ஒரு மூச்சில் எழும்பினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நடுங்கும் காலோடு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

உடம்பை முன்னுக்குச் சாய்த்து எழும்ப வேண்டும் என்று நான் மனைவிக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல் மாமி அதைச் சரியாகச் செய்தார். கெஞ்சியும் அழுதும் நடக்காத காரியத்தை மருமகன் என்கிற மரியாதை கண் இமைக்கும் நேரத்தில் நடத்திவிட்டது.

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மண்டை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மாமி மறுபடி கதிரையில் இருக்கும் சத்தம் கேட்கும் வரை முற்றத்தில் நின்றேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணீர் குடிக்க மறந்தவன்போல் உள்ளே போனேன். மாமி மறுபடி எழும்பினார்.

அன்று இரவுச் சோறு முடிந்ததும் மனைவியிடம் ஒரு சின்ன வேண்டுகோள்தான் வைத்தேன். அம்மாவை இனிக் கட்டிலில் வைக்காதே, விறாந்தையில் இருக்கட்டும், காற்று நல்லது. அவள் ஒத்துக்கொண்டாள். அடுத்த நாளில் இருந்து நான் ஊரிலேயே பெரிய மறதிக்காரன் ஆனேன். வேலைக்குப் புறப்பட்டவன் சீப்பை எடுக்கத் திரும்பி வருவேன். மோட்டார் சைக்கிளை இயக்கிவிட்டுப் பேனைக்காக வருவேன். மாலையில் பேப்பரை எடுக்க வருவேன், கண்ணாடியை எடுக்க வருவேன், எடுத்ததை வைக்க வருவேன். அவசரப்படமாட்டேன். களைத்துவிட்டார் என்று கண்டால் அன்றைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்துவிடுவேன். களைப்புக்கும் வலிக்கும் உள்ள வித்தியாசம் மூச்சில் தெரியும், அதைத் தூரத்தில் நின்றும் கேட்கலாம். என் தொழிலில் நான் மோசமானவன் அல்ல.

மனைவிக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் எடுத்தது. ஒருநாள் வழியை மறித்து நின்றாள்.

“உங்களுக்கு என்ன விசரா? இப்பதானே வந்து போனீங்க?”

நான் அவளை அடுப்படிக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சிவந்தது. “என்ட அம்மாட மரியாதைய வச்சு விளையாடுறீங்களா?”

“விளையாட்டில்ல. போன மாசம் நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. இப்ப பிடிக்கிறாவா, பார்.”

அவள் அடுத்த தரம் நின்று பார்த்தாள். மாமி கதவு நிலையைத் தொடவில்லை. மனைவி குசினிக்குப் போய்விட்டாள். ஆனால் மறுநாள் அந்த ஓட்டைக் கதிரையைப் பின்னால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். அதற்குப் பிறகு அவளும் என் கட்சிதான். கதிரை உயரம், இனி கொஞ்சம் பதிவாக இருக்கட்டும் என்றேன். குசினியில் இருந்த குத்துப் பலகையைக் கொண்டுவந்து போட்டாள். பலகையில் இருந்து எழும்பப் பழகிய பிறகு அதையும் எடுத்துவிட்டுப் பன்பாயை விரித்தாள். பாயில் இருந்து எழும்புகிற ஆளுக்கு உலகத்தில் முக்கால்வாசி வேலை வசப்படும். அடுப்படியில் குந்தலாம், கச்சான் பிடுங்கலாம், விழுந்தாலும் எழும்பலாம்.

பெரியம்மாவை மட்டும் எங்கள் கட்சியில் சேர்க்க முடியவில்லை. வீடு போன பிறகு அவர் பக்கத்து வளவில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார். முறைக்கு அவரும் எனக்கு மாமிதான், ஆகவே என்னை நேரே திட்ட முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன் கோழிகளிடம் சொல்வார்.

“அவருக்கு மரியாதை காணாதாம் கா. விடிஞ்சா பொழுதுபட்டா கால் உடைஞ்ச மனிசிய ஒழுப்பி ஒழுப்பிப் பாக்கிறாராம். படிச்ச மாப்பிள்ளை எண்டு எடுத்தாளுகள்.”

கோழிகள் கேட்டுக்கொண்டு மேய்ந்தன. நானும் கேட்டுக்கொண்டு உள்ளே போய் வந்தேன். ஊரில் எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று ஒரு கதை பரவியது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. மாமியின் கணைக்காலில் சதை திரும்பிக்கொண்டிருந்தது.

சதை சும்மா திரும்பாது, அதற்குச் சாப்பாடும் வேண்டும். இதிலும் நான்தான் குறுக்கே நின்றேன். மீன் வாங்கினால் நடுத்துண்டு மருமகனுக்கு, தலை மகளுக்கு, மாமிக்கு வாலும் குழம்பும். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கும் அப்படித்தான். வயது போனவர்களுக்குத்தான் புரதம் அதிகம் தேவை, அவர்கள்தான் சோற்றைச் சொதியில் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு வயிறு நிரம்பிவிட்டது என்பார்கள். அதனால் எனக்குக் கிரந்தி என்று ஒரு வருத்தத்தை நானே உண்டாக்கிக்கொண்டேன். உடம்பெல்லாம் கடிக்கிறது, மீனும் முட்டையும் ஆகாது என்று மனைவியிடம் உரக்கச் சொன்னேன். கிரந்தி என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். சுனாமிக்குப் பிறகு நெடுநாள் கடல் மீனை யாரும் தொடவில்லை, வாவி மீன்தான். அந்த வாவி மீனின் நடுத்துண்டெல்லாம் மாமிக்குப் போனது. நான் பூசணிக்காயும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் பொரித்த மீனோடு சோறு சாப்பிட்டேன். விஞ்ஞானத்துக்காக நான் செய்த தியாகம் அவ்வளவுதான்.

இதற்குள் போர்நிறுத்தம் முறிந்து சண்டை மறுபடி மூண்டுவிட்டது. வாவிக்கு அந்தப் பக்கம் பீரங்கிச் செல் விழும் சத்தம் எங்கள் வீட்டு ஓடுகளை அதிரவைத்தது. படுவான்கரைச் சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் இருந்தார்கள். கரடியனாற்றுக்காரர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று மாமி விசாரித்தார். வந்தவர்களிடம் தன் வீட்டுக் கூரையைப் பற்றிக் கேட்டார், கிணற்றைப் பற்றிக் கேட்டார். எருமைகளைப் பற்றிக் கேட்கவில்லை. அவை போய்விட்டன என்று அவருக்குத் தெரியும்.

கிழக்கில் சண்டை ஓய்ந்து, சனங்களைத் திரும்பக் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். அதற்குள் மாமி தானாகக் குளித்தார், தானாகச் சமைத்தார், கிணற்றில் தண்ணீரும் இழுத்தார். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நடப்பார், ஆனால் ஊன்றுபொல்லுப் பிடிக்கமாட்டார். கரடியனாற்றுக்குப் பேருந்து ஓடுகிறது என்று கேள்விப்பட்ட அன்றே துணிகளைக் கட்டத் தொடங்கினார்.

மனைவி விடவில்லை. வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் அவள் என்னிடம் வந்தாள்.

“நீங்கதான் சொல்லுங்க. தனிய இரிக்க ஏலுமா அவவுக்கு?”

“ஏலும்” என்றேன்.

“விழுந்தா?”

“ஒழும்புவா.”

“ஏதும் ஒண்டு நடந்தா உங்களத்தான் கேப்பன்.”

“கேள்” என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. இவ்வளவு நாளும் அவர் விழுந்தால் பிடிக்க ஒரு மகள் எட்டும் தூரத்தில் நின்றாள். அங்கே யாரும் நிற்கமாட்டார்கள்.

அன்று பின்னேரம் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவி கடைசித் தரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் வெளியே இருப்பது மாமிக்குத் தெரியாது.

“இங்க உங்களுக்கு என்ன குறையம்மா? நான் என்ன குறை வச்சன்?”

“குறை ஒண்டுமில்ல புள்ள. நீ என்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தாய். மருமகனும் தங்கமான மனிசன். ஆனா அவருக்கு ஒரு இடத்தில இரிக்க ஏலாத ஏதோ ஒரு வருத்தம் இரிக்கி. உள்ள வாறார், வெளிய போறார், மறுகா உள்ள வாறார். பாவம், என்ன யோசினையோ. அவரு வாற நேரமெல்லாம் நான் ஒழும்பணும். நான் இங்க எப்பயாச்சும் கால நீட்டி இரிந்தத நீ கண்டிருக்கியா? எனக்கு வயசு போயிற்று புள்ள. என்ட வளவுக்க, ஆருக்கும் ஒழும்பாம, கால நீட்டி இரிக்கணும். வேற ஒண்டும் வேணாம்.”

உள்ளே மனைவி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்காமல் அழுகையாக மாறியது. மாமி “என்னகா புள்ள, என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. அந்தக் கால்களைப் பற்றி இரவு பகலாக யோசித்தவன் நான். எழும்ப வேண்டும், நிற்க வேண்டும், நடக்க வேண்டும் என்றுதான் யோசித்தேன். அவர் அந்தக் கால்களை வைத்து என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க எனக்கு முறையும் இல்லை. அதைவிட, கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

நாங்கள்தான் பேருந்தில் கொண்டுபோய் விட்டோம். செங்கலடிச் சந்தியில் திரும்பி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, கரடியனாற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூரையில் பாதி ஓடு இல்லை. கிணற்றுக்குள் ஒரு கட்டிலின் கால் மிதந்தது. வளவெல்லாம் ஆள் உயரத்துக்குப் பற்றை. மாமி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, கையால் புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். ஓடு போட்டு, கிணறு இறைத்து, பக்கத்து வளவுக்காரர்களிடம் சொல்லிவிட்டு நாங்கள் திரும்பினோம். வழி முழுக்க மனைவி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு பக்கத்து வளவில் இருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் நான் செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் எடுப்பாள். கச்சான் போட்டிருக்கிறேன், மழை பெய்தது, குரங்கு வந்தது என்று மாமியின் குரல் வரும்.

இரண்டு வருடம் கழித்து வைகாசியில் வன்னியில் போர் முடிந்தது. பட்டணத்தில் எங்கோ வெடி கொளுத்தினார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் வெளியே வரவில்லை. வன்னியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாத வீடுகள்தான் அந்தத் தெருவில் அதிகம். மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “அம்மாவப் பாக்கணும்” என்றாள். மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம்.

வளவு வாசல் கடப்படியில் வண்டியை நிறுத்தினேன். வேலி இடுக்கால் உள்ளே தெரிந்தது. மரத்தடியில், வெறும் நிலத்தில், மாமி இருந்தார். இரண்டு காலையும் நேரே நீட்டிப் போட்டிருந்தார். சேலை முழங்கால் வரை ஏறிக் கிடந்தது. வாயில் வெற்றிலை. ஒரு கூடைக் கச்சானை மடியில் கொட்டி உடைத்துக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என் மாமியை உட்கார்ந்திருந்த நிலையில் நான் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். நான் உள்ளே போகவில்லை. “நீ போ” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே நின்றேன்.

மனைவி ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தாள். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது.

“முடிஞ்சிற்றாம் எண்டு சொல்றாங்க” என்றார் மாமி. “முடிஞ்சா நல்லம். வட்டைக்குப் பயமில்லாமப் போய் வரலாம். போனதுகள் வருமா புள்ள?”

மனைவி தாயின் கையைப் பிடித்துத் தடவினாள். பிறகு அவள் குரல் திடீரென்று உயர்ந்தது. “இதென்னம்மா முழங்கையில? இதென்ன காயம்?”

“அது ஆறிப் போயிற்று. மாரியில கிணத்தடியில வழுக்கிற்று.”

“விழுந்தீங்களா? ஆரும் எனக்குச் சொல்லல்லையே! ஆரு தூக்கின?”

“ஆரு தூக்கிற? விழுந்தன், ஒழும்பினன், தண்ணி அள்ளிக் குளிச்சிற்று வந்தன். இத ஒரு கதை எண்டு உனக்குப் போன் பண்ணவா?”

மனைவி திரும்பி வேலிப் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். மார்பை நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் கண் கலங்கி, வேலியும் மரமும் ஒன்றாகத் தெரிந்தன.

மாமியும் அந்தப் பக்கம் பார்த்தார். நான் நிற்பதைக் கண்டுவிட்டார். கை முந்தானைக்குப் போனது, அதைத் தலையில் போட்டுக்கொண்டார். ஆனால் சுவரைத் தேடவில்லை, காலை மடக்கவும் இல்லை. மகளிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

“அவர உள்ள வரச் சொல்லு புள்ள. வெயிலுக்க நிக்கிறார். இது என்ட வளவு. எத்தினை தரம் வந்து போனாலும் இனி நான் ஒழும்பமாட்டன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவர் எழும்பவில்லை. கச்சான் கூடையை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.